ஒன்பது ஏழு இரண்டில் தொடங்கிய அழைப்பு

பஹ்ரைனுக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள், அலுவலகத்தில் என் விவரங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த பி.ஆர்.ஓ., என்னைக் கேட்காமலேயே மதம் என்ற கட்டத்தில் 'கிறிஸ்தவம்' என்று அடித்துவிட்டார். ஹைதராபாத்காரர். அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து எங்கள் எல்லோருடைய விசா வேலைகளையும் முடித்துத் தருபவர். என் பெயர் பழைய ஏற்பாட்டில் வரும் ஒரு பெண்ணின் பெயர். அதைக் கேட்பவர்கள் எல்லோரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். திரை என் பக்கம் பாதி திரும்பியிருந்தது. "இல்லை" என்று சொல்ல எனக்கு முழுதாக அரை நிமிடம் இருந்தது. அவர் அடுத்த கட்டத்துக்குப் போய் ரத்தப் பிரிவு என்ன என்று கேட்டார். பி பாசிட்டிவ் என்றேன்.

நான் யூதப் பெண். அம்மாவின் குடும்பம் பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கரையோரம் பல தலைமுறைகளாக எண்ணெய் ஆட்டிப் பிழைத்த குடும்பம். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்' என்று அழைத்தார்களாம். அப்பா கோயம்புத்தூர்க்காரர், இந்து. பம்பாயில் ஒரு மில் அலுவலகத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூருக்கு வந்தபின், எனக்குத் தெரிந்து அந்த ஊரில் யூத வீடு எங்கள் வீடு ஒன்றுதான். தெருவில் அம்மாவைப் 'பம்பாய்க்காரம்மா' என்பார்கள். அதற்கு மேல் யாரும் துருவியதில்லை. எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அம்மா அவலில் தேங்காயும் வெல்லமும் பழங்களும் கலந்து, நன்றி சொல்லி வேண்டிக்கொண்டு, அதைத் தெரு முழுக்கக் கொடுத்தாள். எல்லோரும் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நான் பெரிய பக்தி உள்ளவள் இல்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவேன். பன்றிக்கறி தொடமாட்டேன். கறியோடு பாலும் தயிரும் சேர்க்கமாட்டேன், அதனால் என் பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை, பாவமன்னிப்பு கேட்கும் நாளில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பேன். இறால் சாப்பிடக் கூடாது என்று விதி. சாப்பிடுவேன். இறாலுக்காகக் கடவுள் என்னைத் தண்டிக்கமாட்டார் என்பது என் கருத்து. வேறு சில விஷயங்களுக்காகத் தண்டிப்பார் என்பது என் பயம்.

மறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டு நான் வரவில்லை. பஹ்ரைனில் யூதர்கள் இருக்கிறார்கள். மனாமா சூக்கில், துணிக்கடைகளுக்கு நடுவே, அவர்களுடைய பழைய வழிபாட்டு இடம்கூட இருக்கிறது. சட்டப்படி எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் முதல் வாரமே அந்த வார்த்தை காதில் விழுந்தது. சொன்ன தேதியில் பணம் கட்டாமல் இழுத்தடித்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றிப் பேசும்போது பி.ஆர்.ஓ., "யஹூதி கஹீங் கா", அதாவது யூதப் பயல், என்று திட்டினார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு சிம் கார்டு வாங்கித் தந்ததும், பெண்கள் பயமில்லாமல் தங்கலாம் என்று குதைபியாவில் ஒரு வீட்டைக் காட்டியதும் அவர்தான். வசவாகத்தான் அந்தச் சொல்லை அவர் அறிந்திருந்தார். அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பவளே தன் எதிரில் நின்று காகிதத்தில் முத்திரை குத்திக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து எங்கே நாலு பேர் பேசினாலும் அந்தச் சொல் வருகிறதா என்று என் காது தானாகவே தேட ஆரம்பித்தது.

குதைபியா வீடு ஒரு திருநெல்வேலி அக்காவுடையது. இரண்டு படுக்கையறை. ஒன்றில் அக்காவும் அவள் கணவரும் ஒன்பது வயது மகளும், இன்னொன்றில் நான். அக்கா ஈசா டவுனில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். முதல் வெள்ளிக்கிழமை என் அறை ஜன்னலோரம் மெழுகுவத்தியைப் பார்த்துவிட்டு அவள் மிகவும் சந்தோஷப்பட்டாள். "கிறிஸ்டியன்னாலும் வெள்ளிக்கிழம வெளக்கு ஏத்துதா பாருங்க" என்று கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவளுடைய பூஜை அலமாரியிலும் அதே நேரத்தில்தான் விளக்கு எரியும். அவளிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் சொல்லாமல் விட்டால் எல்லா இடத்திலும் சொல்லாமல் இருக்க வேண்டியதாகிவிடுகிறது.

எங்கள் கம்பெனி கப்பலில் வரும் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கம்பெனி. ஆவணப் பிரிவில் நாங்கள் இரண்டு பேர். எனக்கு எதிர் மேசையில் இருந்தவள் பாலஸ்தீனப் பெண், என்னைவிட எட்டு வயது மூத்தவள். காஸாவில் பிறந்து, கல்யாணமாகி ஜோர்டானில் இருக்கும் அம்மானுக்குப் போய், அங்கிருந்து கணவனோடு இங்கே வந்தவள். தம்பி மட்டும் மனைவி, மூன்று பிள்ளைகளோடு காஸாவில். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான், நடுநடுவே அவளுடைய 'யல்லா'வும் 'ஹபீப்தி'யும் விழும். வியாழக்கிழமைகளில் ஸாத்தர் என்ற மூலிகைப் பொடி தூவிய சூடான ரொட்டி வாங்கி வந்து, பாதியைப் பிய்த்து என் கீபோர்டின் மேலேயே வைத்துவிடுவாள். எண்ணெய் படும் என்று நான் கத்துவேன். அலுவலகத்தில் நான் சத்தமாகச் சிரித்தது அவளிடம் மட்டும்தான்.

அந்த வருடம் பாவமன்னிப்பு விரதம் வேலைநாளில் வந்தது. விடுப்புக் கேட்டால் காரணம் எழுத வேண்டும். அதனால் பட்டினியோடு வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு டீ வேண்டாம் என்றேன். பன்னிரண்டுக்குத் தண்ணீர் வேண்டாம் என்றேன். அவள் எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நோன்பா? ரமலான் இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே."

"நாளைக்கு ரத்தப் பரிசோதனை."

"நாளைக்குப் பரிசோதனைக்கு இன்னைக்கே தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா? எந்த டாக்டர் சொன்னான்? பேரைச் சொல்லு, நான் பேசுறேன்."

கிளம்பும்போது டிஷ்யூ காகிதத்தில் மூன்று பேரீச்சம்பழம் சுற்றி என் பைக்குள் போட்டாள், பரிசோதனை முடிந்ததும் சாப்பிடச் சொல்லி. பொழுது இறங்கியதும் அதைச் சாப்பிட்டுத்தான் விரதத்தை முடித்தேன். செய்த பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் நாளிலேயே ஒரு பொய்யைப் புதிதாகச் சேர்த்தேன் என்பது பழக்கொட்டையைத் துப்பும்போதுதான் உறைத்தது.

இரண்டு வாரத்துக்குள் இஸ்ரேலுக்கும் காஸாவுக்கும் போர் தொடங்கியது.

எனக்கு இஸ்ரேலில் ஒரு சித்தி உண்டு. அம்மாவின் தங்கை. முப்பது வருடத்துக்கு முன் பம்பாயிலிருந்து அங்கே குடிபோனவள். நாட்டின் தெற்கே ஒரு ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை. அந்த முதல் சனிக்கிழமை காலை, சைரன் ஊதுகிறது என்று பாதுகாப்பு அறையிலிருந்து அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள். மறுநாள் அலுவலகம் போனால் எதிர் மேசையில் என் தோழி, தம்பியின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பல மாதங்கள் என் நாள்கள் ஒரே மாதிரிதான் கழிந்தன. காலையில் எழுந்ததும் சித்தியின் செய்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எட்டு மணிக்குத் தோழியின் முகத்தைப் பார்ப்பேன். அதில் தெரியும், தம்பி முந்தின நாள் பேசினானா இல்லையா என்று. அவன் வீடு இடிந்தது, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது, அங்கிருந்து கூடாரத்துக்குப் போனது, எல்லாவற்றையும் அவள் என்னிடம்தான் சொன்னாள். இணைப்புக் கிடைக்காமல் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும்போது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். என் கை அவள் முதுகில் இருக்கும். என் போனில் சித்தியின் எண் 'டைலர்' என்ற பெயரில் இருக்கும்.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று குளியலறையில் நின்று ஒத்திகை பார்ப்பேன். நான் இந்தியப் பெண், அந்த மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. ஒரு அரசாங்கம் செய்வதற்கு எங்கேயோ இருக்கும் நான் எப்படிப் பொறுப்பு? குழந்தைகளைக் கொல்வதை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. என் சித்தியும் பயந்துபோய்தான் கிடக்கிறாள். சொல்லிப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் உண்மையாகத்தான் இருக்கும். மேசைக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்தால் எல்லாமே சாக்குப்போக்காகத் தெரியும். சீப்பில் கொத்தாக முடி வந்தது. கம்பெனியின் மெயிலில் 'உடனே வந்து பார்க்கவும்' என்று யாராவது எழுதினால் பாதி வேலையை விட்டுவிட்டு ஓடுவேன். போய்ப் பார்த்தால் ஸ்டேப்ளர் பின் தீர்ந்திருக்கும்.

ஒருநாள் அவள் சொன்னாள், "என் போன் அடிக்கடி நின்னுபோகுது. உன் நம்பரையும் அவனுக்குக் கொடுத்திருக்கேன். தொள்ளாயிரத்து எழுபதோ, எழுபத்திரண்டோ, எதுல தொடங்கினாலும் எடு. நான் டாய்லெட்ல இருந்தாலும் கதவைத் தட்டு."

சரி என்றேன். பாலஸ்தீனத்தின் குறியீட்டெண் தொள்ளாயிரத்து எழுபது, இஸ்ரேலுடையது தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு என்பதும், காஸாவிலிருந்தும் சில அழைப்புகள் அதே எண்ணில்தான் வரும் என்பதும் அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அன்று மாலையே சித்தியிடம், இனி நான் அறைக்கு வந்தபிறகு மட்டும் கூப்பிடச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "சரி பேட்டா" என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்கு ஒன்றரை மாதம் கழித்து, காஸாவில் நான்கு நாளாகத் தொடர்பே இல்லாத ஒரு வாரம். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் ஜெராக்ஸ் இயந்திரத்தருகே நின்றிருந்தேன். என் மேசையில் போன் அடித்தது. திரும்புவதற்குள் என் தோழி மேசையைச் சுற்றி வராமல், இரண்டு மேசைக்கும் குறுக்கே எக்கிப் போனை எடுத்துவிட்டாள். அவளுடைய டீ சாய்ந்து காகிதங்களின் மேல் ஓடியது. பெயர் இல்லாத எண். ஒன்பது ஏழு இரண்டு.

"அல்லோ! அல்லோ!" என்று கத்தினாள். முகம் முழுக்க வெளிச்சம். பிறகு பேச்சு நின்றது.

என் சித்திக்கு எப்போதுமே உரத்த குரல். ஜெராக்ஸ் இயந்திரம்வரை கேட்டது. "ஹலோ? பேட்டா? கௌன் போல் ரஹா ஹை?" யார் பேசுவது என்று கேட்டாள். பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும். சித்தி அந்தப் பக்கம் திரும்பி ஹீப்ருவில் பதில் சொன்னாள், இரண்டு மூன்று வாக்கியம். வளைகுடாவில் வேலை பார்க்கும் எல்லோரையும் போலத் தோழிக்குக் கொஞ்சம் இந்தி புரியும். பேட்டா என்பது சொந்தப் பிள்ளையைக் கூப்பிடும் சொல் என்று தெரியும். ஹீப்ரு அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட மொழி.

போனை என்னிடம் நீட்டினாள். "உனக்குத்தான்."

தன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, கூட வேலை செய்பவளின் போனிலிருந்து பேசுகிறேன், உன் எண் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது, அம்மாவிடம் சொல்லிவிடு, அவள் பயந்துகொண்டிருப்பாள் என்று சித்தி சொன்னாள். சரி சரி என்று வைத்தேன். அறை முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பி.ஆர்.ஓ. தன் இடத்திலிருந்து எழுந்து நின்றே கேட்டார்.

"பாய் மிலா க்யா?" தம்பி கிடைத்தானா என்று.

"இல்லை," என்றாள் தோழி. "ராங் நம்பர்."

டிஷ்யூவால் டீயைத் துடைத்தாள். நனைந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஏசி காற்றில் காய வைத்தாள். பிறகு மாடிப்படிக்குப் போனாள். பத்து நிமிடம் கழித்து நானும் போனேன். 

படி மடங்கும் இடத்தில் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தாள்.

"யாரு அது?"

"என் சித்தி. அம்மாவோட தங்கை."

"அங்க வேலைக்குப் போயிருக்காங்களா?"

கேரளாவிலிருந்து நிறையப் பெண்கள் அங்கே முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதிலை அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள். ஆமாம் என்றால் போதும். அது முழுப் பொய்கூட இல்லை, சித்தி முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்கிறாள். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லை," என்றேன். "அவங்க அந்த நாட்டுக் குடிமகள். நாங்க யூதர்கள். நானும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சித்திக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பையன்."

"வயசு?"

"இருபது."

அந்த நாட்டில் இருபது வயது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"எங்க இருக்கான்?"

"ராணுவத்துல. எந்த இடம்னு எனக்குத் தெரியாது. நிஜமாவே தெரியாது."

கீழே யாரோ லாரி டிரைவரை நிறுத்தச் சொல்லி "கலாஸ், கலாஸ்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை மாசமா உன்கிட்ட என்னென்ன சொன்னேன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்," என்றாள். "அவன் கூடாரம் எங்க இருக்கு, எந்த வழியாப் போனாங்க, எல்லாம் சொல்லியிருக்கேன்."

"நான் யார்கிட்டயும்..."

"தெரியும். நீ சொல்லியிருக்கமாட்ட. ஆனா நான் யோசிக்கிறேன் பாரு. உன்னைப் பத்தி நான் இப்படி யோசிக்க வேண்டியிருக்கு பாரு."

மேலே போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் கோப்புத் தட்டுகளை அடுக்கிவைத்தாள். வேலை தொடர்பானதை மெயிலில் அனுப்பினாள், நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. வியாழக்கிழமை ரொட்டி வரவில்லை. நான் ஒவ்வொரு நாளும் அது வெடிக்கும் என்று காத்திருந்தேன். இரண்டு பேர் காபி இயந்திரத்தருகே பேசிக்கொண்டிருந்தால் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். பி.ஆர்.ஓ. ஒருநாள், மேனேஜர் கூப்பிடுகிறார் என்று என்னிடம் வந்து சொன்னார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன், இனித் திரும்பி வந்து எடுக்கவிடமாட்டார்கள் என்பதுபோல. ஊருக்குப் போக டிக்கெட் எந்த மாதத்தில் வேண்டும் என்று கேட்கத்தான் அவர் கூப்பிட்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மெழுகுவத்தி ஏற்றவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"என்னட்டி, இன்னைக்கு வெளக்கு ஏத்தலையா? ஒரு வாரமா ஒழுங்கா சாப்பிடவும் மாட்டேங்க. ஊர்ல எல்லாரும் சுகந்தான?"

சொல்லிவிட்டேன். ஒருமுறை சொன்னபிறகு இரண்டாம் முறை சொல்வது அத்தனை கஷ்டமாக இல்லை.

அக்கா கட்டில் முனையில் உட்கார்ந்தாள். "யூதருன்னா... பைபிள்ல வாராவள்லா? அவிய இன்னுமா இருக்காவ?"

"இருக்கோம்க்கா."

"அதுவும் கோயமுத்தூர்லயா?"

மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டாள். மறுநாள் காலை நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"கோவிச்சுக்கிடாத. எங்க விசாவுக்கு ஒண்ணும் வராதுல்லா? ஒங்க மாமா கேக்கச் சொன்னாவ. பிள்ள ஸ்கூல் படிக்கா. கேக்கணும்லா?"

"வராதுக்கா. சட்டப்படி ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குப் பயமா இருந்தா நான் வேற ரூம் பாத்துக்கறேன்."

"நான் அப்படிச் சொன்னனா?" அடுப்பைக் குறைத்தாள். "அப்பம் நீ எறா தொக்கு திங்கக் கூடாதுல்லா? நேத்து போன்ல தேடிப் பாத்தேன், போட்டுருக்கு."

"கூடாதுதான்."

"தட்டு தட்டா தின்னுருக்கியேட்டி!"

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அக்கா கல்லில் கருகிக்கொண்டிருந்த தோசையை எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஊற்றினாள். அவள் அப்படி நேருக்கு நேர் கேட்டது எனக்குத் தப்பாகப் படவில்லை. ஒத்திகை பார்த்துவைத்த எந்தப் பதிலும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

அலுவலகத்தில் இன்னும் இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் காலை தோழி கோப்புத் தட்டுகளைத் தூக்கி ஓரமாக வைத்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தம்பியின் நடுப் பையனுக்கு ஏழு வயது. குண்டுச் சிதறலில் கால் போய்விட்டது. தாயோடு அவனைச் சிகிச்சைக்கு அம்மானுக்கு அனுப்ப அனுமதி கிடைத்திருக்கிறது. தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவள் ஒரு மாத விடுப்பில் அங்கே போகிறாள். அவளுடைய வேலைகளை ஒப்படைக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

இரண்டு மணி நேரம் ஒவ்வொரு சரக்காக எடுத்துச் சொன்னாள். எதற்கு எந்தக் காகிதம் வரவில்லை, எந்த சுங்க அதிகாரி காலையில் மட்டும் கையெழுத்துப் போடுவார், எந்த வாடிக்கையாளர் பொய் சொல்வார். நான் எழுதிக்கொண்டேன். பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. எனக்குக் கேட்க உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

எழுந்து நிற்கும்போது அவளே பேசினாள்.

"அன்னைக்குப் போன் பண்ணினது யாருன்னு பி.ஆர்.ஓ. மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் ராங் நம்பர்னு சொன்னேன். உனக்காகன்னு நினைக்காத. சொன்னா, நாள் பூரா உன்னைப் பத்தியே பேசுவாங்க. அதை உக்காந்து கேக்க எனக்குத் தெம்பு இல்லை."

"சரி," என்றேன்.

"சரின்னு சொல்லாத. எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லித்தான் நீ இவ்வளவு நாள் ஓட்டின."

அந்த ஒரு மாதம் இரண்டு மேசை வேலையையும் நான் பார்த்தேன். அவள் வைத்த ஒரு சரக்குகூடத் தேங்கவிடக் கூடாது என்று வெறிபிடித்ததுபோல வேலை செய்தேன். அதில் தவறு வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. பதினைந்தாம் நாள் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில், போர்வை, பெரிய கண்களோடு ஒரு பையன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. படத்தோடு ஒரு வார்த்தையும் இல்லை.

பதில் எழுதி எழுதி அழித்தேன். வருந்துகிறேன் என்று எழுதினால் யார் சார்பில் வருந்துகிறேன் என்று கேட்பாள் என்று தோன்றியது. பிரார்த்திக்கிறேன் என்று எழுதவும் கை வரவில்லை. கடைசியில், 'என்ன சாப்பிடுகிறான்?' என்று அனுப்பினேன்.

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. 'சிப்ஸ். வேற எதையும் தொடமாட்டேங்கிறான். நர்ஸ் திட்டுறா.'

இன்னும் கொஞ்சம் கழித்து, 'அந்த டைல்ஸ் கன்டெய்னர் வெளிய வந்துச்சா?' என்று கேட்டாள். வந்துவிட்டது என்று எழுதினேன்.

விடுப்பு முடிந்து வந்தவள் மெலிந்திருந்தாள். எள் ஒட்டிய பிஸ்கட் பெட்டிகள் கொண்டுவந்து எல்லா மேசையிலும் ஒன்று வைத்தாள். என் மேசையிலும் வைத்தாள், மற்றவர்களுக்கு வைத்தது போலவே. கோப்புத் தட்டுகள் ஓரத்திலேயே இருந்தன. காலை வணக்கம் சொன்னாள். நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள். பையனுக்குச் செயற்கைக் கால் அளவெடுத்திருக்கிறார்கள். தம்பி இன்னும் உள்ளேதான்.

மூன்றாம் நாள் பேன்ட்ரியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"உன் சித்தி பையன்?"

"வீட்டுக்கு வந்துட்டான். ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கறானாம். யார்கிட்டயும் பேசறதில்லையாம்."

"அவன் அங்க என்ன செஞ்சான்னு கேட்டியா?"

"கேக்கல."

"கேளு."

கோப்பையைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் சித்தி கூப்பிட்டபோது, அவனிடம் போனைக் கொடு என்றேன். தூங்குகிறான் என்றாள். அடுத்த வாரமும் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் வாரம் போனைக் கொடுத்தாள். நாங்கள் அதுவரை நாலைந்து தடவைகூடப் பேசியதில்லை. சின்ன வயதில் ஒருமுறை கோயம்புத்தூர் வந்திருந்தபோது எங்கள் வீட்டு மாடியில் பட்டம் விட்டவன்.

"ஹலோ," என்றான். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது.

"எப்படி இருக்க?"

"இருக்கேன்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. கேள்வி என் வாய்க்குள் தயாராக இருந்தது. எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தேன். நான் கேட்கப்போகிறேன் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் அவனும் வைக்காமல் காத்திருந்தான் போல.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன்," என்றான். சித்தி போனை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் தோழியின் மேசைக்குப் போய் நின்றேன். பி.ஆர்.ஓ. பக்கத்து மேசையில்தான் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொள்ளக்கூட அன்று தோன்றவில்லை.

"அவன்கூடப் பேசினேன். கேக்க முடியல."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். மாடிப்படியில் நின்ற நாளுக்குப் பிறகு அவள் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றுதான்.

"முடியாதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "அப்புறம் கேளு."

துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்கள் சுங்கத்தில் நின்றுபோயிருந்தன. காகிதங்களோடு யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும். வெளியே வெயில் கொளுத்தியது. நான் போகிறேன் என்றேன். ஒன்றை நீ பார், இன்னொன்றை நான் பார்க்கிறேன் என்று அவளும் பையை எடுத்துக்கொண்டாள்.